சும்மா இருந்தவனின் இரத்தம்

கொக்குவில்,
14 செப்டெம்பர்.

அன்புத் தங்கை பாலேஸ்வரிக்கு,

அண்ணன் பரமலிங்கம் எழுதுவது. நானும் உன் அண்ணி கஜந்தினியும் சுகம். கனடாவில் நீங்களும் சுகமாக இருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறேன். முதலில் காரியம்: நீ அனுப்புவதாகச் சொன்ன சக்கர நாற்காலி வேண்டாம்.

ஏனென்று சொல்கிறேன், சிரிக்காதே. நரம்பின் உறையை உடம்பே அரிக்கும் என்னுடைய இந்த மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோய் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சியால் இரத்தத்தில் என்னென்ன மாறுகிறது என்று ஆஸ்பத்திரி டொக்ரர் வினோஜா மூன்று மாதமாக, பன்னிரண்டு கிழமை, ஆராய்ந்தார். சீட்டுக் குலுக்கியதில் பாதிப் பேருக்குச் சைக்கிள் மிதிக்கிற வேலை. மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா இருக்கவேண்டும். எனக்கு விழுந்தது 'சும்மா' சீட்டு. முப்பது வருடம் ரயில் ஸ்ரேசன் மாஸ்டராக நின்ற இடத்தில் நின்று மற்றவர்களை ஓடவிட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான பதவி ஏது? தினமும் செய்த பயிற்சியைக் கொப்பியில் எழுதச் சொன்னார்கள். 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். இடையில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. கஜந்தினி எழும்ப முன்னமே தடியை ஊன்றிக்கொண்டு, சூடு ஏறினால் கால் சொல்வழி கேட்காது என்பதால் கழுத்தில் ஈரத்துவாயும் போட்டுக்கொண்டு, இருபத்தைந்து நாளும் நடந்து போய் வீதி சுற்றினேன். கொப்பியில் 'இல்லை'தான். சாமி கும்பிட்டதை யாராவது பயிற்சி என்று எழுதுவார்களா? கடைசி நாள், தீர்த்தத்தன்று, திரும்பி வரும்போது வெயில் பிடித்துச் சந்தியில் விழுந்தேன். குருநகர் மீன்காரன் கொலின்ஸ்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தான். திருவிழா முழுக்க மச்சம் மாமிசம் தொடாத நான் மீன்பெட்டிமேல் பவனி வந்ததை எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்த்தது. வீட்டில் கஜந்தினி இல்லை. பிறகு மூச்சிரைக்க வந்து, கடைக்குப் போனதாகச் சொல்லி, ஒரு வாளி தண்ணீரை என் தலையில் ஊற்றினாள்.

போன கிழமை முடிவு வந்தது. டொக்ரர் கூப்பிட்டுக் கேட்டார்:

"ஐயா, நீங்கள் உண்மையிலை சும்மாவோ இருந்தனீங்கள்? வீக்கத்தைக் காட்டுற பொருள் குறைஞ்சு, நரம்புக்கு உதவுற புரதம் கூடியிருக்கு. சைக்கிள் மிதிச்ச ஆக்களை விட நல்லாயிருக்கு."

"ஓம் பிள்ளை. கோயிலுக்கு மட்டும் நடந்தனான்."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "ஒராளின்ரை ரத்தத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது" என்று சொல்லி ஆராய்ச்சியிலிருந்து என் பெயரையும் வெட்டிவிட்டார். சும்மா இருக்கவும் தகுதியில்லாதவன் என்று இப்போது எழுத்திலேயே இருக்கிறது. உண்மையைச் சொன்னால், தங்கச்சி, பயத்தில்தான் நடந்தேன். அந்த நாற்காலியில் ஒருதரம் இருந்தால் பிறகு எழும்பவே மாட்டேன் என்ற பயம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

மச்சானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

அண்ணன்,
பரமலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டமுன் கஜந்தினி வாசித்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, இருபத்தைஞ்சு நாளும் தண்ணிப் போத்திலோடை உங்களுக்குப் பின்னாலை ஆர் வந்தது? அந்த மீன்காரனை மறிச்சது ஆர்? என்ரை ரத்தத்தை ஒருத்தரும் சோதிக்கேல்லை" என்கிறாள். அவளுடைய முழங்கால் இரண்டும் வீங்கியிருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்காலியை அனுப்பு. தள்ளுவதற்கு நான் இருக்கிறேன்.