விளக்கு அணைந்ததும் நான் போட்ட கூச்சல்

பிடித்த பாட்டைத் தனியாகக் கேட்கலாம். பிடித்த கச்சேரிக்குத் தனியாகப் போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

சில வருடங்களுக்கு முன், கல்லூரிக் காலத்திலிருந்து நான் தலையில் வைத்துக் கொண்டாடும் சினிமா இசையமைப்பாளர், பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு எங்கள் திருவண்ணாமலைக்கே வந்தார். வேங்கிக்கால் பக்கம் ஒரு மைதானத்தைத் தகரம் அடித்து மறைத்து மேடை போட்டிருந்தார்கள். வீட்டில் கேட்காமலே எனக்கும் மனைவிக்கும் முன்வரிசையில் டிக்கெட் வாங்கிவிட்டேன். (ஆச்சரியப்படுத்துகிறாராம் துரை.) அந்தப் பாடல்களை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இருந்த ஆசை அது.

மனைவி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தகரத்துக்கு வெளியவே நல்லா கேக்கும்னு தெருவே கெளம்புது. புள்ளைங்களும் அங்கதான் வருவோம்னுதுங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

ரோஷத்தில் போனேன். சுற்றிலும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வந்தவர்கள், ஜோடி ஜோடியாக. என் பக்கத்து நாற்காலியில் என் தோள்பை உட்கார்ந்திருந்தது. அங்கே யாராவது வருகிறார்களா என்று ஓர் அம்மாள் கேட்க, வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று புளுகினேன். புளுகிய கையோடு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இசையமைப்பாளர் மேடையேறி, வாசித்து முடிக்கும்வரை சத்தம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எல்லா விளக்குகளையும் அணைத்தார்கள். கும்மிருட்டு. மேடையின் உச்சியில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு மெல்ல எரிந்தது.

கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியைப் பார்த்தே வளர்ந்த உடம்பு இது. என்னைக் கேட்காமலே இரண்டு கைகளும் தலைக்கு மேல் போயின. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

முன்வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தகரத்துக்கு வெளியே நின்றிருந்த மொத்த ஊரும் பதிலுக்கு அரோகரா போட்டது. வயலின்காரர்கள் வில்லை இறக்கிவிட்டார்கள். இசையமைப்பாளர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டு மைக்கை எடுத்தார்.

"சாமி கும்பிட்டாச்சுன்னா ஆரம்பிக்கலாமா?"

மைதானமே சிரித்தது. நான் தோள்பையை மடியில் வைத்துக் குனிந்துகொண்டேன். அதன்பிறகு என்ன வாசித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போதும் வீட்டில் கரண்ட் போய் வந்தால் பிள்ளைகள் கையைத் தூக்கி அரோகரா போடுகிறார்கள். விருந்தாளி வந்தால் கதையை மனைவிதான் சொல்வாள். வெளியே சுண்டல் தின்றுகொண்டே எல்லோரும் சேர்ந்து கத்தியதையும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததையும், அப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் பிள்ளைகள் ஆடியதையும் அவள் சொல்லக் கேட்டால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். "மொதல்ல கத்துனது இவர்தான்னு கொரல வச்சே கண்டுபுடிச்சிட்டேன்" என்று பெருமையாக முடிப்பாள்.

எங்கள் குடும்பத்துக்கு அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் வேறு வாய்க்கவில்லை. நான்தான் அங்கே இல்லை.