ரொக்கட் படமும் இராசமலரின் கலியாணமும்

துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள மருமகன் யோகலிங்கத்துக்கு,

கோணேசர் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் சுகமும் ஜேர்மனிக் குளிரின் நிலைமையும் அறிய ஆவல். எனக்கு எழுத்து வராது என்பது நீங்கள் அறிந்ததே. நான் சொல்ல, பக்கத்து வீட்டு ரபீக்கா ரீச்சர் எழுதுகிறார். எழுத்து அவருடையது, கோபம் என்னுடையது.

நிற்க. உங்கள் கடிதத்தை ரீச்சர் இரண்டு தரம் வாசித்தார். சந்திரனில் மனிதர் குடியேறப் போகிறார்கள், தொழிற்சாலைகள் கட்டப் போகிறார்கள், முதல் ஆட்களோடு போக நீங்களும் பெயர் கொடுத்திருக்கிறீர்கள், தையில் கலியாணத்தை முடித்து என் மகள் இராசமலரையும் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று இருந்தது. 'குடியேற்றம்' என்ற சொல் வந்ததும் ரீச்சர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தார். குடியேற்றம் எண்டு சொல்லித்தானே இங்கே எங்கட காணியள் போனது, திருகோணமலையை மறந்துபோனீங்களோ மருமகன்? அங்கே முதலே ஆரும் இருக்கினமோ, அவையிட்டக் கேட்டதோ? தொழிற்சாலைக் கதையும் எனக்குப் புதிசில்லை. வெள்ளைக்காரன் இங்கே மலை மலையாய் எண்ணெய்த் தாங்கி கட்டினதைச் சின்னனில் கண்டனான். யப்பான்காரன் சண்டைக்கு வந்து அதில் ஒன்று எரிஞ்சதையும் கண்டனான். கட்டினவன் போயிட்டான், இப்ப அந்தப் பக்கம் குரங்குதான் குடும்பம் நடத்துது. சந்திரனில் குரங்கும் இல்லை. நீங்கள் விட்டிட்டு வந்தால் ஆர் பாக்கிறது?

அதைவிட, கடிதத்துக்குள் நீங்கள் வைத்த ரொக்கட் படம்! கட்டைபறிச்சானில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குக் காட்டுவம் என்று சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு மூதூர் போற லோஞ்சுப் படகுக்குப் போனேன். படகு ஏறுற ஜெட்டிச் சோதனைச் சாவடியில் நின்ற நேவிக்காரத் தம்பி அதை இழுத்தெடுத்தான்.

"இது என்ன?"

"ரொக்கட் ஐயா."

"யாருடைய?"

"மருமகன்ரை."

"ரொக்கட் எங்க?"

"இன்னும் கட்டி முடியேல்லை ஐயா. மருமகன் ஆக்கள் கட்டிக்கொண்டிருக்கினம்."

உண்மையைச் சொன்னால் விட்டிடுவாங்கள் என்று நினைச்சனான். லோஞ்சு போயிட்டுது, நான் வெயிலில் குந்தியிருந்தேன். கடைசியில் கிண்ணியா வியாபாரி ஹிஸ்புல்லா வந்து சிங்களத்தில் விளக்கப்படுத்தினார். அந்தத் தம்பி படத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு, "அங்க எனக்கு வேலை இருக்கா, ஐயா?" என்று கேட்டான். ஹிஸ்புல்லா விடுவாரோ? "அண்ணன், பிறைக்குள்ள குந்திக்கிட்டு நோன்புக்குப் பிறை பாக்கிறது எப்பிடியெண்டு மருமகனிட்டக் கேட்டெழுதுங்க" என்றார்.

என்னுடைய கேள்வியும் ஒன்று. கலியாணம் முடிஞ்ச நாலாம் நாள், நாலாஞ்சடங்குக்குப் பலகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் எங்கே வாறது? இருக்கிறது ஒரே பெட்டை. அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, நிலா வெளிச்சத்தைப் பார்த்து அண்ணாந்துகொண்டிருக்க என்னால் ஏலாது. ஆகவே சந்திரனை விடுங்கோ, இல்லாட்டில் இராசமலரை விடுங்கோ. இதுதான் என் முடிந்த முடிவு.

பத்திரகாளி அம்மாள் உங்களை நிலத்திலேயே வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா சிவகுருநாதன்
(பெருவிரல் அடையாளம்)

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது இராசமலர் குசினியிலிருந்து வந்து, "அப்பா, அங்க சோதனைச் சாவடி இருக்குதோ எண்டு கேட்டனீங்களோ?" என்றாள். நான் அதைக் கேட்கவில்லை. இருக்காது என்றார் ரீச்சர். பிள்ளை உடனே தேங்காய் திருவலையைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டாள், கொண்டுபோகவாம். ஆகவே மேலே சொன்னதெல்லாம் கிடக்கட்டும். தையிலேயே நாள் வையுங்கோ. மாமனுக்கும் ஓரமாய் ஓர் இடம் பாருங்கோ. அந்த நேவித் தம்பிக்கும் ஏதும் வேலை இருந்தால் எழுதுங்கோ. தோளில் கொழுவியிருக்கிற துவக்கை ஜெட்டியில் வைத்துவிட்டு வரச் சொல்லி நானே அவனிட்டச் சொல்லுறன்.