இண்டிகேட்டர் போடாத ஊர்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும், என் மகளும், பேத்தியும், போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு போன என் கார் சாவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றபடி உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோபம்தான் இருக்கிறது.

அந்தச் சாவிக்கு ஈடாக என் வீட்டு டிவியில் ஒரு ரவுடி கேமை மாட்டிவிட்டுப் போனீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "மாமா, இதுல ஒரு ஊரே இருக்கு. எந்த வண்டிய வேணும்னாலும் எடுங்க, எங்க வேணும்னாலும் போங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது போல் சொன்னீர்கள். முப்பத்தோரு வருஷம் டிரைவிங் லைசென்ஸ் டெஸ்ட் நடத்தியவனிடம் பேசுகிற பேச்சா மாப்பிள்ளை இது? என் மகளைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் உங்களையே இரண்டு தடவை ஃபெயிலாக்கியவன் நான். ஆனாலும் டெஸ்ட் பண்ணாமல் யாருக்கும் பாஸும் போட்டதில்லை, ஃபெயிலும் போட்டதில்லை என்பதால், பத்தொன்பது நாள் காலையும் மாலையும் உட்கார்ந்து அந்த ஊர் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன். நிறை குறை இரண்டையும் எழுதுகிறேன். படித்து முடித்த கையோடு, புதன்கிழமைக்குள் சாவி என் கைக்கு வந்தாக வேண்டும். புதன்கிழமை பேத்திக்கு நீச்சல் வகுப்பு. இரண்டு வருஷமாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது நான். ஈரத் தலையோடு பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். இப்போது உங்கள் எதிர்வீட்டுப் பல் டாக்டர் கூட்டி வருகிறாராம். அந்த மனிதருக்கு லைசென்ஸ் கொடுத்ததே நான்தான், அவர் ஓட்டுகிற லட்சணம் எனக்குத் தெரியும். லைசென்ஸ் கொடுத்த அன்றைக்கு எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்.

முதலில் நிறை. சும்மா சொல்லக் கூடாது, ரோடு போட்டவன் வேலை தெரிந்தவன். மழை பெய்தால் தார் மினுங்குகிறது, பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, பிரேக் பிடித்தால் வண்டி லேசாக வழுக்குகிறது, லாரிக்கு லாரியின் கனம், ஜீப்புக்கு ஜீப்பின் குலுக்கல். சாயங்காலம் பாலத்தின் மேல் ஏறினால் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, நானே கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டேன், உங்கள் அத்தை என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். மலைப் பக்கம் ஒரு வளைவு இருக்கிறது. அதில் வண்டியை ஒடித்துத் திருப்பினால் கீழே கடல். முதல் தடவை பார்த்தபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பொய் சொல்வானேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே போறீங்க, எப்ப வருவீங்க, கூட யார் வர்றாங்க என்று கேட்க அங்கே ஒரு நாதி கிடையாது. இந்த வீட்டில் குப்பை கொட்டப் போனால்கூட இரண்டு தடவை கேள்வி வருகிறது. நிறை அவ்வளவுதான்.

இனி குறைகளுக்கு வருகிறேன், நிதானமாகப் படியுங்கள். இவ்வளவு பெரிய ஊரைக் கட்டினவன் ஒரு வண்டிக்காவது இண்டிகேட்டர் வைத்தானா? கையில் பிடிக்கிற அந்தக் கருவியில் இருக்கிற அத்தனை பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டேன். ஒரு பட்டனில் துப்பாக்கி வருகிறது, ஒரு பட்டனில் பக்கத்து வண்டிக்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுகிறான், இன்னொன்றை அமுக்கினால் நடுரோட்டில் குனிந்து உட்காருகிறான். ஐயா, நான் திரும்பப் போகிறேன் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல ஒரு பட்டன் கிடையாது. இதெல்லாம் ஒரு ஊரா? சிவப்பு விளக்குக்கு நான் ஒருத்தன்தான் நிற்கிறேன். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்து, கெட்ட வார்த்தை சொல்லி, இறங்கி வந்து என் கண்ணாடியைக் குத்துகிறான், போலீஸ்காரன் அதைக் காப்பி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிறான். நான் தெரியாத்தனமாக அந்தப் போலீஸ்காரனின் வண்டி பம்பரை லேசாக உரசினேன், அதற்கு ஹெலிகாப்டர் வருகிறது மாப்பிள்ளை, ஹெலிகாப்டர்! நான் என்ன ஓடி ஒளிகிற ஆளா? ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மரியாதையாகப் பேப்பரைக் காட்டலாம் என்று இறங்கினேன். சுட்டுவிட்டார்கள். பேப்பர் காட்டுவதற்கும் பட்டன் இல்லை. ஆனால் வண்டிக்கு வேறு பெயின்ட் அடித்துவிட்டால் அதே போலீஸுக்கு என்னை அடையாளமே தெரியாதாம், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? தெருத்தெருவாக மாடி மாடியாகக் கட்டி வைத்திருக்கிறான், ஒரு கதவு திறக்கிறதா? எல்லாம் வெறும் முகப்பு. பள்ளிக்கூடம் கிடையாது, குழந்தை குட்டி கிடையாது, துப்பாக்கிக் கடை மட்டும் முக்குக்கு முக்கு. பொம்பளைகளில் ஒருத்தியாவது வேலைக்குப் போகிறாளா என்று தேடித் தேடிப் பார்த்தேன், எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டு போகிறார்கள்.

அந்த ரவுடிக் கூட்டம் இருக்கிறதே, அது இன்னும் மோசம். தலைவன் ஒரு வழுக்கை. அவனுக்கு இரண்டு எடுபிடிகள், ஒருத்தனுக்குத் தொப்பி என்றும் இன்னொருத்தனுக்கு மூக்கு என்றும் உங்கள் அத்தை பேர் வைத்திருக்கிறாள். எதிரியின் வண்டியைச் சந்தேகம் வராமல் பின்தொடர வேண்டும் என்று வழுக்கை ஒரு வேலை கொடுத்தான். சரியான இடைவெளி விட்டு, அளவான வேகத்தில் ஊர்க்கோடி வரைக்கும் போனேன், முதல் தடவையே பாஸ். ஒழுங்காக ஓட்டுவதற்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். மறுநாள் மூன்று பேரும் நகைக்கடையைக் கொள்ளையடித்துவிட்டு ஓடி வந்து என் வண்டியில் ஏறினார்கள். போ, போ, போ என்று வழுக்கை கத்துகிறான். எதிரே சிவப்பு விழுந்துவிட்டது. நின்றேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை, "ஏங்க, போலீஸ் வந்துருச்சுங்க, எடுங்களேன்!" என்கிறாள்.

"சிவப்பு விழுந்திருக்கு, தெரியலையா?"

"திருடிட்டு வந்தவனுக்கு என்னங்க சிவப்பு, பச்சை?"

இவளோடு நாற்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் மாப்பிள்ளை, இவள் புத்தி இப்படிப் போகும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. அதற்குள் நாலு பேரும் பிடிபட்டோம். இருபத்தேழு தடவை அதே கடை, அதே கொள்ளை, அதே சிவப்பு. பச்சை விழுகிற நேரமாகப் பார்த்துத் திருடினால் என்ன குறைந்துபோகிறது அந்த வழுக்கைக்கு? திட்டம் போட்டுச் செய்தால்தானே தொழில்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மன்னிக்கவே முடியாத குறை ஒன்று இருக்கிறது. அந்த ஊர் ஜனங்கள் இடது பக்கத்திலிருந்து திடீர் திடீரென்று குதிக்கிறார்கள். வலது பக்கம் நடக்கிறவர்கள் நல்ல மாதிரி. தூரத்திலேயே தெரிவார்கள், நான் நின்று வழி விடுவேன், அவர்கள் பாட்டுக்குப் போவார்கள். இடது பக்கம் அப்படி இல்லை. காலி ரோட்டில், வானத்திலிருந்து விழுந்த மாதிரி பம்பருக்கு முன்னால் ஒரு ஆள் நிற்பான். விளக்குக் கம்பமும் அப்படித்தான் வந்து நிற்கிறது. நோட்டுப் போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன், நாற்பத்தொரு மோதலில் முப்பத்தெட்டு இடது பக்கம். சோம்பேறிப் பயல், ஊரின் இடது பாதியை அரைகுறையாக விட்டிருக்கிறான். இந்தக் கெட்ட பழக்கம் இப்போது நம் தெருவுக்கும் வந்துவிட்டது. நீங்கள் ஊரைக் கூட்டிப் பெரிசு பண்ணின என் வீட்டு கேட் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத் தூணைக் கொத்தனார் அரையடி வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறான். பதினெட்டு வருஷமாக ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, நான் மோதித்தான் கண்டுபிடித்தேன். அதற்கு முந்தின வாரம் இடது பக்கமாகப் புகுந்து வந்த ஒரு சைக்கிள்காரன் என்னைப் பார்த்து, "கண்ணு தெரியலையா பெரியவரே?" என்கிறான், என்ன கொழுப்பு! உங்கள் அத்தையும் லேசுப்பட்டவள் இல்லை. காப்பி டம்ளரைக் கொண்டுவந்து என் இடது கைப்பக்கமே வைப்பது, நான் தட்டிவிட்டதும் முறைப்பது, தினமும் இதே வேலை.

ஆக மொத்தம், கேம் ஃபெயில். இதைச் செய்தவனுக்குச் சொல்லி அனுப்புங்கள். "அப்பா, உங்களுக்கு எழுபத்திரண்டு ஆச்சு" என்று என் மகள் போனில் ஆரம்பிக்கிறாள். ஆகட்டுமே, அதற்கு நான் என்ன பண்ண? முப்பத்தோரு வருஷம் கண்டவன் ஓட்டுகிற வண்டியில் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு, சொந்த வண்டியைத் தொட அனுமதி இல்லை. அவள் கொடுக்க மாட்டேன் என்றால், அவளுக்குத் தெரியாமல் நீங்களாவது கொண்டுவந்து கொடுங்கள். சாவி இல்லாமல் இந்த வீட்டில் ஒரு மூலையில் போட்ட நாற்காலி மாதிரி கிடக்கிறேன். போன வாரம் பேத்தி போனில், "தாத்தா, நீ ஏன் இப்பல்லாம் வர்றதில்ல? என் மேல கோவமா?" என்று கேட்டாள். நான் என்னத்தைச் சொல்வேன்? கொத்தனார் மேல் பழியைப் போட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல், போகிற வழியெல்லாம் பச்சை விளக்காக விழுந்து, பல்லாண்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்
(டிரைவிங் டெஸ்ட் அதிகாரி, ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், இடது பக்கக் குறைக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து இருந்தால் நல்லது என்று தோன்றியது. சாட்சிக் கையெழுத்து இல்லாமல் ஒரு டெஸ்ட் ஷீட்டையும் நான் மேலே அனுப்பியதில்லை. உங்கள் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீயே பாரு, எப்படிக் குதிக்கிறாங்கன்னு" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். கடைத்தெருவில் திரும்பியதும், "ஏங்க, அந்தம்மா வர்றாங்க, நிறுத்துங்க" என்றாள்.

"எந்தம்மா?"

"மஞ்சக் குடை. அப்பலேருந்து வந்துட்டே இருக்காங்களே."

ரோடு காலி மாப்பிள்ளை. சத்தியமாகக் காலி. அப்புறம் டமால். உங்கள் அத்தை கேமை நிறுத்தினாள். டிவியின் நடுவிலேயே பார்க்கச் சொன்னாள். மடித்து வைத்திருந்த வெள்ளைத் தலையணை உறை ஒன்றை எடுத்து, என் இடது பக்கத்தில் ஆட்டினாளாம். "தெரியுதா?" என்றாள். "என்ன தெரியுதா?" என்றேன். "இப்போ?" என்றாள். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரமாக ஆட்டுகிறாய் என்று கேட்டேன். அழுதுவிட்டாள். கையெழுத்தும் போடவில்லை.

வியாழக்கிழமை கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். நீங்கள் வந்து கூட்டிப்போக வேண்டும். இந்தக் கவருக்குள் ஒரு சாவி இருக்கும், பாருங்கள். என் காரின் இன்னொரு சாவிதான் அது, ஷேவிங் பெட்டிக்குள் வைத்திருந்தேன், யாருக்கும் தெரியாது. நீங்கள் கொடுக்காவிட்டால் புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு நானே போவதாக இருந்தேன். நீச்சல் குளத்துக்கு வண்டி உள்ளே போகும்போது பிள்ளைகள் எல்லாம் துண்டைப் போர்த்திக்கொண்டு இடது பக்கம்தான் வரிசையாக நிற்பார்கள்.

கேமின் நிறைகளில் ஒன்றை எழுத விட்டுப்போய்விட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மஞ்சக் குடை அம்மாள் இரண்டு நிமிஷத்தில் எழுந்து, துணியைத் தட்டிவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே நடந்து போய்விட்டாள்.