எல்லாம் மக்கிவிடும் மோகனராஜ்

'மக்கிவிடும்'காரர்கள் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எந்தக் கழிவைக் காட்டினாலும், எந்த விஷத்தைச் சொன்னாலும், மண்ணுக்கும் மழைக்கும் வெயிலுக்கும் வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிப்பார்கள். மண்ணுக்கு என்ன, சம்பளமா, விடுப்பா?

பினாங்குத் தீவில், பாயான் பாருவில் குடியிருக்கும் மோகனராஜ் இந்த ரகத்தின் தலைமகன். கணினிச் சிப் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். ஒரு சிப்பில் தூசு விழுந்தால் மொத்த வேலையையும் நிறுத்திவிடுவார். வீட்டுத் தோட்டத்தில் மட்டும் அந்தக் கண் மூடிக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் கடலுக்கு அக்கரையிலுள்ள சிம்பாங் அம்பாட்டுக்குப் போய், ஷேக் அலாவுதீனின் கோழிப்பண்ணையில் எருவை மூட்டை மூட்டையாகக் காரில் ஏற்றிக்கொண்டு, நாறுகிற காரோடு பாலம் தாண்டி வருவதில் அவருக்கு அப்படியொரு பெருமிதம்.

ஒருமுறை ஷேக் அலாவுதீனே தடுத்தார்.

"அண்ணே, கோழிங்களுக்கு சீக்கு. போன வாரம்தான் ஆன்டிபயாட்டிக் குடுத்தோம். அதுல பெரும்பங்கு எச்சத்துலயே வந்துடும். குவிச்சு, சூடேற விட்டு, புரட்டிப் புரட்டி ரெண்டு மூணு மாசம் வைங்க. அப்பவும் சில மருந்து மண்ணுல ஒட்டிக்கிட்டு லேசுல போகாது."

"என்னா பாய் நீங்க! ஒரு மழ போதும்லா. பினாங்கு மழைக்கு முன்னால மருந்தாவது மண்ணாங்கட்டியாவது!"

மழை கழுவியது எங்கே போகும்? கால்வாய்க்கு. கால்வாய்? கடலுக்கு. கடல் மீன் யார் தட்டுக்கு? இதற்கு மேல் கேட்டால் நீங்கள் முன்னேற்றத்தின் எதிரி.

எரு அன்று மாலையே பாத்திக்குப் போனது. கீரை தளதளவென்று வளர்ந்தது. தெருவுக்கே கட்டுக்கட்டாக வழங்கினார்.

"கோழிக்கு மருந்து போடுவாங்களேண்ணே?" என்று பக்கத்து வீட்டு ஹாஜரா தயங்கினார்.

"அதெல்லாம் மக்கிடுச்சும்மா. சுத்த இயற்கை. தைரியமா சமைங்க."

அந்த வாரம் மகள் அதிரா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பேத்திக்கு முதன்முதலாகக் கீரை மசித்து ஊட்டலாமென்று மனைவி ரமணி பாத்தியில் குனிந்தார். மோகனராஜ் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"அதப் பறிக்காத! புள்ளைக்கு பாசார் கடையில நல்ல கீரையா வாங்கிக்கலாம்."

"எல்லாம் மக்கிடுச்சுன்னீங்களே?"

"மக்கிடுச்சுதான். ஆனா சின்னப் புள்ளலா, ரமணி!"

வேலிக்கு அந்தப் பக்கம் ஹாஜரா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என் மவளும் சின்னப் புள்ளதாண்ணே. நேத்து உங்க கீரைய ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டுச்சு."

மோகனராஜுக்குக் காதுவரை சூடேறியது. வாழ்க்கையில் முதல்முறையாக, மண்ணிடம் ஒப்படைக்க முடியாத ஒன்று அவரிடம் மாட்டிக்கொண்டது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை எருவைக் குவித்துப் புரட்டினாரா என்று கேட்கிறீர்களா? வேலியை உயர்த்திக் கட்டினார்.

சிரியுங்கள், தாராளமாக. ஆனால் போன மாதம் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டீர்களே, அது எங்கே போனது? எங்கே போனால் என்ன, உங்கள் வீட்டுச் சட்டிக்கு வராதல்லவா?