பல்லெண்ணி போட்ட சின்னச் சக்கரம்

பழனி மலையை மேலிருந்து கீழ்வரை சலித்தாலும் பல்லெண்ணியைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ஆள் இன்னொருவர் கிடைக்கமாட்டார். சும்மா சொல்லவில்லை. சொந்தத் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. காரணம் அந்த ஆள்.

எழுபதுகளின் கடைசியில் நான் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். அவர் ஊர் ஊராகப் போய்ப் போட்டோ எடுப்பவர். கேமரா, முக்காலி, மர நாற்காலி, அன்னம் நீந்தும் குளமும் அரண்மனையும் வரைந்த பெரிய திரை, அத்தனையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போவார். கட்டி முடித்தால் சைக்கிள் தெரியாது. ஒரு குடும்பம் வீடு மாறிப் போகிற மாதிரி இருக்கும்.

மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். இவர் தள்ளமாட்டார். "இறங்கித் தள்ளுறதுக்குச் சைக்கிள் எதுக்கு? ஒரு கழுதை போதுமே" என்பார். மிதி லேசாக வேண்டுமானால் முன்னால் பல்சக்கரம் சின்னதாகவும் பின்னால் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று எவனோ சொல்லிவிட்டான். சொன்னவன் நன்றாக இருக்கமாட்டான். அன்று முதல் டீக்கடை வாசலில் எந்தச் சைக்கிள் நின்றாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பல் எண்ணத் தொடங்கிவிடுவார். அப்படி வந்த பெயர்தான் பல்லெண்ணி. ஒரு தடவை சைக்கிள் திருடன் என்று பிடித்துவைத்தார்கள். பிடித்தவனுடைய சைக்கிளிலும் பல்லை எண்ணிவிட்டுத்தான் வந்தார்.

சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போனார். இவர் ஓர் உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து மார்க்கெட் மேடு ஏறிப் பார்ப்பார். திரும்பி வந்து, "இன்னும் லேசா வேணும்" என்பார். கடைசியில் முன்னால் குழந்தைச் சைக்கிளின் பல்சக்கரத்தையே போட்டாயிற்று.

"அண்ணே, இதுக்கு மேல சின்னதா வேணும்னா பம்பரத்துலதான் செயினை மாட்டணும்" என்றார் கடைக்காரர்.

"பம்பரத்துல பல்லு இருக்காதேப்பா" என்றார் இவர். சிரிக்காமல்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊர் கூக்காலில் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு ஆயக்குடியில், கொய்யாத் தோப்புக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா படுத்த படுக்கை. மலை ஏறி வர முடியாது. "தாலி கட்டுறதைப் போட்டோவாச்சும் எடுத்துக் குடுங்கய்யா. அவுக கண்ணுல காட்டணும்" என்று சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வாக்குக் கொடுத்தேன். கொடைக்கானலில் வேறு போட்டோக்காரர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். கூக்காலுக்கு வரத்தான் இவரை விட்டால் ஒருவரும் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் வெள்ளனே மாப்பிள்ளை வீட்டு ஜீப் கொடைக்கானல் வழியாகப் போனது. "மேல எடம் சும்மாதான கெடக்கு, ஏத்துங்கண்ணே" என்று பல்லெண்ணியிடம் கெஞ்சினேன்.

"ஏலே, இம்புட்டுப் பல்லு எண்ணிப் போட்டது ஜீப்புல ஏறுறதுக்கா? நீ போ. முகூர்த்தத்துக்கு முன்னால நான் வந்து நிப்பேன்."

எங்கே நிற்பது? அந்த ஆள் கணக்குப் போட்டது முழுக்க மேட்டுக்கு. வழியில் சமதரையும் வரும் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை. சமதரையில் கால் பறக்கிறது, சைக்கிள் நகர்ந்தால்தானே! பூம்பாறைப் பக்கம் பூண்டு மூட்டை சுமந்து போன பெண்கள் அவரைத் தாண்டிப் போனார்களாம். தாண்டியதோடு விடாமல், நின்று உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டும் போனார்களாம்.

முகூர்த்த நேரம் நெருங்கியும் ஆளைக் காணோம். பெண்ணுக்கு அண்ணன் நான், பந்தலில் நிற்க வேண்டியவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓடினேன். ஊருக்குக் கீழே ஒரு வளைவில் வந்துகொண்டிருந்தார். கால்கள் சுற்றுகிற வேகத்துக்கு மதுரையே போயிருக்கலாம். ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தே நான் அவரை முந்தினேன்.

"அண்ணே, எறங்கி ஓடியாங்க! வெரசா!"

"ஓடுனா மூச்சு வாங்கும்ல? இதுல பாரு, மூச்சே வாங்கல."

"எனக்கு வாங்குதுய்யா!"

அப்போது ஊருக்குள் கெட்டிமேளம் கேட்டது. நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரே தங்கச்சி. அந்த மனிதர் மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"பந்திக்குள்ள போயிரலாம்" என்றார்.

நான் சொன்ன பதிலைப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

பந்தலில் சம்பந்தியம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "எதைக் கொண்டுபோயி அவுககிட்டக் காட்டுவேன்?" என்று அவர் கேட்டது பல்லெண்ணி காதில் விழுந்தது. அப்போதுதான் திரையை அவிழ்த்து மாட்டியிருந்தார். மறுபடி சுருட்டினார்.

"மறுவீடு என்னைக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"மூணாம் நாளு. ஆயக்குடியில. அதைக் கேட்டு நீரு என்ன செய்யப்போறீரு?"

எல்லாவற்றையும் திரும்பக் கட்டிக்கொண்டு, இலையில்கூட உட்காராமல் கிளம்பிவிட்டார். ஓடிப்போகிறார் என்று நினைத்து ஊரே கேட்கும்படி திட்டினேன்.

மூன்றாம் நாள் மணமக்களோடு ஜீப்பில் போய் ஆயக்குடியில் இறங்கினால், சம்பந்திப் பெரியவரின் கட்டிலுக்குப் பின்னால் பல்லெண்ணியின் அரண்மனைத் திரை தொங்குகிறது. அவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள்.

"இது எந்த ஊரு அரமனைய்யா?" என்று பெரியவர் திணறிக்கொண்டே கேட்டார்.

"உங்களுதுதாங்க. காலையிலதான குடி வந்தீங்க" என்றார் பல்லெண்ணி.

மணமக்கள் மாலையோடு கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பெரியவர் கைகளை அவர்கள் தலையில் வைத்தார். நான் நிலைப்படியில் சாய்ந்து முறைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, அங்க என்ன சோலி? வந்து தங்கச்சி பக்கத்துல நில்லு. நீயுந்தான் கல்யாணத்தைப் பாக்கல."

போய் நின்றேன்.

மறுநாள் பழனியிலிருந்து பஸ்ஸில் மலை ஏறினேன். வடகவுஞ்சிக்குக் கீழே, அந்தப் பொல்லாத மேட்டில், நாற்காலியும் திரையும் முக்காலியுமாக அவர் போய்க்கொண்டிருந்தார். இறங்கவில்லை, தள்ளவில்லை. கால்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் விசில்கூட அடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். அந்த ஆளைத் திட்டுவதற்கு நான் ஒருத்தன் இருக்கும்போது, கண்டவர்களுக்கு அங்கே என்ன வேலை?