ஐந்தாவது கட்டத்தில் எழுதிய கல்லூரி

படித்தவள் என்று ஒருமுறை பெயரெடுத்துவிட்டால், புரியவில்லை என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு வரும் கடிதம், கோர்ட்டு நோட்டீஸ், மருந்துச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். புரியாத இடத்தை இரண்டு முறை உரக்கப் படித்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். (சிலருக்குப் பயப்பட நிறையவே இருந்தது என்று பிறகு தெரிந்தது.)

அப்படிப்பட்ட நான், ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, இன்ஜினீயரிங் விண்ணப்பத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க விழித்தேன். கடைசிப் பக்கத்தில் ஐந்து கட்டங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சென்னையில், எலக்ட்ரானிக்ஸ். சென்னை என்பது என் அப்பா, நைனா, போட்ட நிபந்தனை. பெரம்பூரில் மாமா வீட்டில் தங்கிப் படிப்பதானால் சரி, வேறு ஊர் என்றால் ப்ளஸ் டூவோடு படிப்பு முடிந்தது. கல்யாணத்துக்கு அத்தை மகன் தயாராக இருந்தார். எலக்ட்ரானிக்ஸ் என் ஆசை. பக்கத்து வீட்டு ரேடியோவை ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். (திரும்பச் சேர்க்கத்தான் தெரியவில்லை.)

வேண்டியது ஒன்றுதான் என்றால் மீதி நான்கு கட்டம் எதற்கு? வேண்டாததை ஏன் கேட்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் டீச்சரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே. அதனால் நைனாவைக் கேட்டேன்.

நைனா தோல் மண்டியில் பச்சைத் தோல் பார்த்து எடுப்பவர். கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதத் தெரியாது. ஆனால் தோலைத் தடவியே ஆடு எங்கே முள்ளில் உரசியது என்று சொல்லிவிடுவார். மண்டியில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். அதற்குள் விரலைப் பிடித்தே பேரம் நடக்கும். எத்தனை விரல் என்பதுதான் பேச்சு. இருவரும் தலையசைத்தால் முடிந்தது. அப்புறம் யாரும் பின்வாங்கக் கூடாது.

"அஞ்சு கேக்குறாங்க நைனா. ரொம்பப் பிடிச்சத மொதல்ல எழுதணுமாம்."

"யாரு சொன்னா?"

"ஃபாரத்துலயே போட்டிருக்கு."

"குடுக்கிறவன் அப்பிடித்தான் போடுவான். இன்னா வேணும்னு மொதல்லயே வாயத் தொறந்தா பேஜாராயிடும். எனக்கு ஒரு கட்டு வேணும்னா அதத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். ஓரமாக் கெடக்கிற மட்டச் சரக்கத் தூக்கித் தூக்கிப் பாப்பேன். இவனுக்கு இதான் வேணும் போலன்னு அவன் அதுல முறுக்குவான். நான் சலிச்சிக்கினே ஒண்ணொண்ணாத் தள்ளி, கடைசியில போனாப் போவுதுன்னு அந்தக் கட்டுக்கு வருவேன்."

"புள்ள தோலா வாங்கப் போவுது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

அன்று எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்து மேப்பை எடுத்தேன். கல்லூரி உள்ள ஊர்களில் ஆம்பூரிலிருந்து ஆகத் தொலைவில் விரல் போய் நின்ற இடம் திருநெல்வேலி. முதல் கட்டத்தில் திருநெல்வேலி, சிவில் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அடுத்த மூன்றிலும் வாய்க்கு வந்ததை நிரப்பினேன். ஐந்தாவதில் சென்னை, எலக்ட்ரானிக்ஸ். அதை மட்டும் பொடி எழுத்தில் எழுதினேன், ஆசை வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று.

நேர்காணல் சென்னையில். நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தடித்த கண்ணாடி போட்ட தலைவர். நைனா சலவைச் சட்டையும் புதுத் துண்டுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைவர் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"எல்லாரும் கடைசியில எழுதுறத நீ மொதல்ல எழுதியிருக்க. பொண்ணுங்க சிவில் கேக்குறதே அபூர்வம். சந்தோஷம்மா. கொடுத்தாச்சு."

"வேணாம்னு இல்ல சார்," என்று உதட்டைச் சுழித்தேன். (ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பழகிய சுழிப்பு.) "அவ்வளவா மனசு ஒட்டல."

"நீதானேம்மா எழுதியிருக்க?"

"எழுதினேன் சார். அடுத்ததக் காட்டுங்க."

"எதக் காட்டணும்?"

"அடுத்தத."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் மின்விசிறியைப் பார்த்தார். தலைவர் விண்ணப்பத்தைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று தேடினார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"உன் மார்க்குக்கு இந்த அஞ்சுல எதக் கேட்டாலும் கிடைச்சிருக்கும். நீ மொதல்ல கேட்டது இது. அதனால இது."

மூளை உள்ளவள் அங்கேயே காலில் விழுந்திருப்பாள். எனக்கோ, நைனா சொன்னபடியே இவர் முறுக்குகிறார் என்று ஒரே பெருமை. நைனாவைப் பார்த்தேன். நேரம் வந்துவிட்டது என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டுக்கொண்டார். மேசையைச் சுற்றிப் போய்த் தலைவர் முன்னால் கையை நீட்டினார். நன்றியில் நெகிழ்ந்த தகப்பன் என்று அவர் நினைத்திருப்பார், பாவம். துண்டுக்குள் கையை விட்டு, ஐந்து விரலாலும் பிடித்துக் குலுக்கினார். நைனா தலையசைத்தார். அவரும் தலையசைத்தார்.

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, கவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவுக்கே படித்துக் காட்டுகிறவள் அந்தத் தாளில் ஒரு வரி படிக்கவில்லை.

"அஞ்சு விரலும் குடுத்துட்டாரும்மா," என்றார் நைனா வராந்தாவில். "அஞ்சாவது நம்முளுது. ஒரு விரலு கம்மி இல்ல. அந்த மனுசன் மண்டிக்கு வந்தாக்கூடப் பொழச்சிக்குவாரு."

சென்ட்ரல் பக்கத்தில் மசால் தோசை சாப்பிட்டுக் கொண்டாடினோம். ரயிலில் அரக்கோணம் தாண்டியதும், எதிர் சீட்டுக்காரருக்கும் கேட்கட்டும் என்று கவரைப் பிரித்து உரக்கப் படித்தேன். சிவில். திருநெல்வேலி. வழக்கப்படி இரண்டாம் முறையும் உரக்கப் படித்தேன். பயப்பட ஒண்ணும் இல்ல என்று மட்டும் சொல்ல வரவில்லை.

நைனா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காட்பாடி வந்தது, குடியாத்தம் வந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அத்தை மகன் எங்கள் பெட்டியில் ஏறுவது போலவே இருந்தது.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "அப்போ உன் அக்காவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

நைனா கால் கழுவிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் வேணாம். திருநெல்வேலிக்கு எந்த ரயிலுன்னு விசாரி."

"மாமன் வீடு இருந்தாதான் படிப்புன்னியே?"

"சொன்னேன். இப்போ கை குடுத்துட்டு வந்திருக்கேனே. அவரும் தலையாட்டினாரு, நானும் ஆட்டினேன். தப்பா எடைபோட்டது நம்ம தப்பு. அதுக்காவ சரக்கு வேணாம்னு திரும்பவா முடியும்?"

அப்படித்தான் நான் திருநெல்வேலி போனேன். வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி தெரிந்தே சிவிலை முதலில் எழுதியவள். நான் எப்படி வந்தேன் என்று அவளிடம் நான்கு வருஷமும் சொல்லவில்லை. இப்போது அரசாங்க வேலையில் பாலம் கட்டுகிறேன். எந்த ரேடியோவையும் பிரிப்பதில்லை.

ஆனால் வீட்டில் என் விருப்பத்தை இன்றுவரை யாரும் நேராக நம்புவதில்லை. இட்லியா தோசையா என்றால் இட்லி என்பேன், தோசை வரும். போன மாதம் அம்மா மூன்று மாப்பிள்ளை போட்டோக்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னாள். (அத்தை மகனுக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன.) நிதானமாகப் பார்த்து, அடுக்கி நைனாவிடம் கொடுத்தேன்.

அவர் போட்டோக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஃபாரத்து வரிசையாம்மா, மண்டி வரிசையா?"

"ஃபாரத்து வரிசைதான் நைனா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கடைசியில வெச்சத எடுத்து வைய்யா. வந்ததுலேர்ந்து அத மட்டும் அவ திரும்பிக்கூடப் பாக்கல."