மாமனார் வந்தார், கிளட்ச்சில் காற்று புகுந்தது

மாமனார் வந்தால் மருமகள் எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னை அனுப்பினாள். அப்போது கையில் கிளட்ச் இருந்தால் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. (எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள், எழுதாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.)

எண்பதாம் வருஷ வாக்கில் நடந்தது. செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு வாக்கப்பட்டு வந்த புதிது. என் நாத்தனார் மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை பார்த்தார். அங்கிருந்து எருமை கனத்தில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளைக் கப்பலில் கொண்டுவந்து, எங்கள் முற்றத்தில் போர்வை போர்த்தி நிறுத்தினார். "மச்சான், யாரும் தொடப்பிடாது" என்று என் வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பப் போனார்.

சத்தியம் குற்றாலத்தில் சாரல் விழும் வரைக்கும்தான் தாங்கியது. என்னைப் பின்னால் உட்காரவைத்து ஐந்தருவிக்கு ஓட்டினார். (நானா கேட்டேன்? சரி, நான்தான் கேட்டேன்.) திரும்பும் வழியில் கிளட்ச் பிடி செத்துப்போயிற்று. அமுக்கினால் அமுங்குகிறது, வேலை செய்யவில்லை. அருவிக்கரையில் வாங்கிய பலாப்பழத்தை மடியில் வைத்து வண்டிமேல் நான், தள்ளிக்கொண்டு அவர். வீட்டுக்கு வந்தால் தந்தி காத்திருக்கிறது: மாப்பிள்ளை நாளைச் சாயங்காலம் கொல்லம் ரயிலில் வருகிறார்! மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் நாத்தனார்தானே அழ வேண்டும்?

காலையில் மெக்கானிக் வந்தார். "அண்ணாச்சி, இதுல கேபிளே இல்லையே!" என்று பேயைப் பார்த்தவர் போலப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் புளியறை மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டியவர். "லாரி பிரேக் மாதிரிதான். எண்ணெயில வேலை செய்யுது. உள்ள காத்து புகுந்திருக்கு" என்றார். என்னை வண்டிமேல் ஒருக்களித்து உட்காரவைத்தார். கைப்பிடி மேலிருந்த டப்பாவைத் திறந்து பிரேக் எண்ணெய் ஊற்றினார்.

"ஏட்டி, பிடியை அமுக்கிப் பிடி. நான் கீழ திருகைத் திறப்பேன், காத்து வெளிய போகும். நான் மூடுத வரைக்கும் விட்டிராதே. விட்டா வெளிக்காத்து உள்ள போயிரும்."

பிடித்தேன். திறந்தார். அந்த நேரம் பார்த்து என் மாமனார் வந்தார்.

அந்தப் பலாப்பழத்தில் பாதியைத் தின்று அவருக்கு வயிறு சரியில்லை. கொல்லைக்குப் போக முற்றம்தான் வழி. நான் பதறிக் குதித்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி நின்றேன்.

"ஏன்ட்டி விட்டே?"

"மாமா வந்தாவ."

மறுபடி ஏறினேன். மாமா திரும்பி வந்தார். குதித்தேன். மாமா போனார், குதித்தேன். "நல்ல வளப்பு" என்று என்னை மெச்சிக்கொண்டே போனார் மனிதர்! கடைசியாகக் குதித்தபோது பிடி படக்கென்று விடுபட, டப்பாவிலிருந்து எண்ணெய் பீய்ச்சியடித்து டேங்க் முழுக்க வழிந்தது. யாரும் பார்க்கும் முன் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். முந்தானை சிவப்பாகிவிட்டது.

"ஐயோ, ரத்தம்!" என்று அலறினேன். ரத்தமில்லை. அந்த எண்ணெய் பெயிண்டைத் தின்னுமாம். டேங்கில் தேங்காய் மூடி அளவுக்குச் சொட்டை!

என் வீட்டுக்காரர் தம் பிறவியில் முதல்முறையாக அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "யப்பா! ஒண்ணு உள்ள இரியும், இல்லாட்டி வெளிய இரியும்!"

மாமா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ எதுக்கு எறங்குதே?"

"நீங்க வந்தியளே, மாமா."

"இனி நான் வந்தா எந்திரிக்காதே. ஏறு. பிடி."

சொன்னவருக்கே கூச்சம். அதன்பின் போகும்போதும் வரும்போதும் துண்டால் தலையை மூடிக்கொண்டு, தாம்தான் புது மருமகள் போல ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். கிளட்ச் உயிர்பெற்றது. சொட்டையில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தோம்.

சாயங்காலம் வந்து பார்த்த மாப்பிள்ளை கண்கலங்கிவிட்டார். "என் வண்டிக்குப் பூசையா போட்டிய!" என்று நாத்தனாரை ஏற்றிக்கொண்டு நேராகக் குற்றாலம் போனார். அங்கே சாரல் சந்தனத்தைக் கழுவிவிட்டது. அதற்குப்பின் அவர் சத்தியம் கேட்கவில்லை, சங்கிலி போட்டுப் பூட்டினார்.

போன மாதம் என் பேரனைக் கட்டி வந்த பெண், சோபாவில் காலை நீட்டிச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார், அதாவது என் மகன், உள்ளே வந்ததும் பதறி எழப்போனாள்.

"இரும்மா, இரு! எந்திரிச்சா காத்து புகுந்திரும்" என்றவன், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனான்.